தொடைத்தசைக்கு மின் தூண்டல் (ஸ்டிமுலேஷன்): எரிச்சல் வருகிறது, தசை இறுகவில்லை

கேள்வி:
ஏசிஎல் (முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் இணைப்பு நார்) ஆபரேஷன் முடிந்து 3 வாரம் ஆன நோயாளி. குவாட்ரிசெப்ஸுக்கு (தொடையின் முன்பக்கத் தசை) 5×5 செ.மீ. பேட் (கரண்ட் பாய்ச்ச தோலில் ஒட்டுவது) இரண்டு, அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ், பல்ஸ் அகலம் (ஒவ்வொரு மின்துடிப்பும் நீடிக்கும் நேரம்) 100 மைக்ரோசெகண்ட், 5 விநாடி ஆன், 5 விநாடி ஆஃப். ஊசி குத்துகிற மாதிரி எரிகிறது என்கிறார். தசை லேசாகத் துடிப்பதோடு சரி. கரண்ட்டைக் கூட்டினால் எரிச்சல்தான் கூடுகிறது. என்ன மாற்றலாம்?

பதில் 1:
இது வலி குறைக்கிற டென்ஸ் செட்டிங் சார். தசை இறுக வேண்டுமென்றால் பல்ஸ் அகலம் 300–400 மைக்ரோசெகண்ட், அதிர்வெண் 50–75 ஹெர்ட்ஸ் வையுங்கள். பேட்டும் ரொம்பச் சின்னது. அதே கரண்ட் குறுகிய இடத்தில் பாய்வதால்தான் தோல் எரிகிறது. 7×12 செ.மீ. பேட் போட்டால் பரப்பு மூன்று மடங்குக்கு மேல். ஒன்றை முழங்கால் சில்லுக்கு மேலே, உள்பக்கம் புடைத்திருக்கும் தசைமேல் ஒட்டுங்கள். மற்றதைத் தொடையின் மேற்பகுதியில், சற்று வெளிப்பக்கமாக. நெருக்கி ஒட்டினால் கரண்ட் மேலோட்டமாகவே போய்விடும், ஆழத்துக்கு இறங்காது.

பதில் 2:
பேட்டின் ஜெல்லையும் பாருங்கள். ஓரம் தூக்கிக்கொண்டால் ஒட்டியிருக்கும் பாகத்தில் மொத்த கரண்ட்டும் குவியும். தோலில் எண்ணெய், கிரீம் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். காய்ந்த ஜெல்லுக்கு இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும். அப்படியும் ஒட்டாவிட்டால் தூக்கிப் போடுங்கள். கரண்ட்டைப் பூஜ்யத்துக்கு இறக்காமல் பேட்டை உரிக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எங்கள் மெஷினில் 250 மைக்ரோசெகண்டுக்கு மேல் போகாது. பரவாயில்லையா?

பதில் 3:
250-லும் இறுகும், கரண்ட் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். 5-க்கு 5 ஓய்வு பத்தவே பத்தாது. நாமாக இறுக்கும்போது தசை இழைகள் முறை மாற்றி வேலை செய்யும். மின்சாரத்திலோ அதே இழைகள் திரும்பத் திரும்ப இழுபட்டுச் சீக்கிரம் களைத்துவிடும். 10 விநாடி ஆன், 50 விநாடி ஆஃப், ஏறுமுகம் (கரண்ட் படிப்படியாகக் கூடும் நேரம்) 2 விநாடி, மொத்தம் 10 சுருக்கம். சர்ஜன் அனுமதித்தால் முழங்காலை 60 டிகிரியில் அசையாமல் கட்டி வையுங்கள். ஒவ்வொரு முறையும் நோயாளியும் சேர்ந்து இறுக்க வேண்டும். மற்றக் காலின் முழுப் பலத்தில் பாதியாவது வருகிற அளவுக்குக் கரண்ட் ஏற வேண்டும்; வெறும் துடிப்பில் பலம் கூடாது.

பேஸ்மேக்கர் இருந்தாலோ, காலில் ரத்தக்கட்டி சந்தேகம் இருந்தாலோ மெஷினைத் தொடாதீர்கள். தொடையில் மரத்துப்போன இடம் உண்டா என்று முதலில் கூர்மையான பொருள், மழுங்கிய பொருள் வைத்துச் சோதியுங்கள். இவ்வளவு மாற்றியும் தசை கொஞ்சமும் அசையவில்லை, தானாகவும் இறுக்க முடியவில்லை என்றால் ஃபெமோரல் நரம்பை (இந்தத் தசையை இயக்கும் நரம்பு) சந்தேகித்து சர்ஜனிடம் அனுப்புங்கள். நரம்புத் தொடர்பு அறுந்த தசை மைக்ரோசெகண்ட் பல்ஸுக்கு மசியாது.