பால் ஆங்கா பாடிய நிர்வாணா: பாட்டா, பகடியா?

பழையதட்டு:
2005-ல் வந்த ‘ராக் ஸ்விங்ஸ்’ ஆல்பத்தை நேற்று முழுசாகக் கேட்டேன். 14 பாட்டு. நிர்வாணா, சவுண்ட்கார்டன், ஒயாசிஸ், பான் ஜோவி என்று ராக் பாட்டுகளை எடுத்து, பெரிய ஸ்விங் பேண்டோடு (டிரம்பெட், டிராம்போன் நிறைந்த பழைய பாணி ஜாஸ் இசைக்குழு) பாடியிருக்கிறார் பால் ஆங்கா. 1957-ல் ‘டயானா’ பாடிய அதே ஆள், இதைப் பாடும்போது அறுபதைத் தாண்டியவர். எனக்குப் பிடித்திருந்தது. திட்ட வருகிறவர்கள் வரலாம்.

கிரஞ்சுப்பயல்:
வந்துட்டேன் சார். நிர்வாணாவோட ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’டுல அவங்க பாடகர் கர்ட் கோபேன் பாடுறது பாதி புரியாது. அந்தக் குழறல்தான் பாட்டே. இவர் ஒவ்வொரு வார்த்தையையும் துடைச்சு மினுக்கி நம்ம முன்னாடி வைக்கிறார். கோபம் போச்சு, மிச்சம் இருக்கிறது கல்யாண ரிசப்ஷன் கச்சேரி.

டிரம்பெட்ரசிகை:
தம்பி, குரலை விட்டுட்டு அமைப்பைக் கவனிங்க. அடக்கி வாசிச்சு, திடீர்னு வெடிக்கிறதுதான் அந்தப் பாட்டு. பெரிய பேண்டுக்காரங்க நிர்வாணா பிறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே செஞ்ச வேலை அது. ஒரிஜினல்ல கரகரப்பான டிஸ்டார்ஷன் கிட்டார் அலறுற இடத்துல இங்கே டிரம்பெட்டும் டிராம்போனும் அலறுது. பாட்டோட எலும்பு உடையல.

கிரஞ்சுப்பயல்:
எலும்பு இருக்கு, ரத்தம் எங்கே அக்கா? கன்ட்ரி பாடகர் ஜானி கேஷைக் கேளுங்க. 1996-ல அவரும் சவுண்ட்கார்டன் பாட்டு பாடினார், ‘ரஸ்டி கேஜ்’. ராக் பாடகர் டாம் பெட்டியோட பேண்ட் பின்னாடி வாசிக்குது. கூண்டை உடைச்சுக்கிட்டு ஓடப்போறேன்னு அந்தக் கிழவர் சொன்னா நம்பத் தோணுது. 2002-ல ‘ஹர்ட்’ பாடினப்போ அதை எழுதின டிரெண்ட் ரெஸ்னரே, இனிமே இது என் பாட்டு இல்லைங்கிற மாதிரி பேசினார். ஆங்கா பாடினதுக்கு அப்புறம் ‘பிளாக் ஹோல் சன்’ யாரோடது? இன்னும் சவுண்ட்கார்டன் பாடகர் கிறிஸ் கார்னெலோடதுதான்.

பழையதட்டு:
கேஷை இழுத்தால் எல்லாரும் தோற்பார்கள், அது நியாயமான தராசு இல்லை. ‘ஹர்ட்’ வெளிவந்த அடுத்த வருடமே அவர் போய்விட்டார். அந்தச் சாவும் சேர்ந்துதான் நம் காதில் ஒலிக்கிறது. முதியவர் பாடினால் மரணவாசனை அடித்தே ஆகவேண்டுமா? ஆங்கா உற்சாகமாக இருக்கிறார், அதுதான் அவர் குற்றமா?

இன்னொன்று. ஆல்பத்தின் முதல் பாட்டு பான் ஜோவியின் ‘இட்ஸ் மை லைஃப்’. அதில் ஃபிராங்கி சொன்ன மாதிரி என் வழியில் வாழ்ந்தேன் என்று ஒரு வரி வரும். ஃபிராங்கி என்றால் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா. சினாட்ரா 1969-ல் பாடிய ‘மை வே’க்கு ஆங்கில வரிகள் எழுதியது யார்? இதே ஆங்காதான்! தன்னை மேற்கோள் காட்டிய பையன்களின் பாட்டை வாங்கித் தானே பாடுகிறார். இதைவிட உரிமை யாருக்கு?

கிரஞ்சுப்பயல்:
அது தெரியாது. செம. ஆனா உரிமை வேற, பொருத்தம் வேற. பழைய பாப் பாடகர் பேட் பூன் 1997-ல தோல் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு மெட்டல் பாட்டுகளை ஆல்பமா போட்டாரே, அதுவும் இந்த வகைதானே?

டிரம்பெட்ரசிகை:
பேட் பூன் பேரை இதுல சேர்க்காதீங்க. அந்த ஆல்பம் அட்டையிலேயே சிரிக்குது. அவர் மேல எனக்கிருக்கிற கோபம் 1955-ஐப் பத்தினது. கறுப்பினப் பாடகர் ஃபேட்ஸ் டாமினோ பாட்டைப் பாடி அமெரிக்கப் பட்டியல்ல முதலிடம் பிடிச்சார், கறுப்பர் பாட்டு வெள்ளைக் குரல்ல வந்தாத்தான் பல ரேடியோவில் ஓடின காலம் அது. யாரு யாரோட பாட்டைப் பாடுறாங்கன்னு சண்டை போடணும்னா அங்கே போடலாம். நிர்வாணாவுக்கும் ஒயாசிஸுக்கும் ஆங்காவால ஒரு நஷ்டமும் இல்ல.

கிரஞ்சுப்பயல்:
சரி, ஆங்கா ஆல்பத்துல ‘லவ்கேட்ஸ்’ மட்டும் ஒத்துக்கிறேன், அது நல்லா உட்கார்ந்திருக்கு. ஆனா தி க்யூர் பாடின ஒரிஜினலே ஜாஸ் வாடை அடிக்கிற பாட்டு. அதுல இவர் புதுசா கிழிச்சது ஒண்ணுமில்ல.

பழையதட்டு:
அதே ஆல்பத்தில் ஆர்.ஈ.எம். குழுவின் ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ கேட்டீர்களா இல்லையா?

கிரஞ்சுப்பயல்:
பாதியில நிறுத்திட்டேன் சார்.