கிளாட் ஆங்கிலப் பத்திகள்: படித்தால் புரிகிறது, விடை மட்டும் தவறுகிறது

அரியலூர் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். டிசம்பரில் கிளாட் என்னும் சட்டப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வை எழுதி, திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்று விரும்புகிறேன். தேர்வை நடத்தும் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு தன் இணையதளத்தில் வைத்திருக்கும் பழைய வினாத்தாள்களைக் கடந்த இரண்டு மாதங்களாக எழுதிப் பார்த்து வருகிறேன். ஆங்கிலப் பகுதியின் 24 வினாக்களில் 12 தான் சரியாக வருகின்றன. அதற்கே 40 நிமிடங்கள் ஆகிவிடுகின்றன. பத்தியைப் படிக்கும்போது பொருள் விளங்குவது போலவே இருக்கிறது. ஆனால் நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளிய பிறகு மீதமுள்ள இரண்டில் எது என்று தடுமாறி, பெரும்பாலும் தவறானதைத் தேர்ந்தெடுக்கிறேன். வினாக்களை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போவது நல்லதா? நாளுக்கு இருபது புதுச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன், அதைத் தொடரலாமா?

சட்டம் நான்காம் ஆண்டு எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நானும் தமிழ் வழியில் படித்து இதே தேர்வை எழுதியவள். முதலில் கணக்கைப் பார்ப்போம். 12 சரி, 12 தவறு என்றால், ஒவ்வொரு தவறுக்கும் 0.25 கழிய, கையில் நிற்பது 9 மதிப்பெண். மொத்தத் தேர்வு 120 வினாக்கள், 120 நிமிடங்கள். ஆங்கிலத்திற்கே 40 நிமிடங்களைக் கொடுத்தால் வேறு பகுதிகளில் கைவைக்க நேரம் இருக்காது. நாட்டு நடப்பு, சட்டம், தர்க்கம் ஆகிய பகுதிகளும் பத்திகளாகவே வருவதால், இங்கே சரிசெய்யும் குறை அங்கும் பலன் தரும்.

மனப்பாடத்தை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. 2019 வரை தனிச் சொற்களுக்குப் பொருள் கேட்கும் வினாக்கள் வந்தன. 2020 முதல் எல்லாமே ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட பத்தியை ஒட்டியே கேட்கப்படுகின்றன. பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் கையேடுகள் பல இன்னும் அந்தப் பழைய முறையிலேயே இருக்கின்றன. வாங்கும் முன் ஆண்டைப் பாருங்கள். சொல்லின் பொருளை இப்போதும் கேட்கிறார்கள், ஆனால் அந்த இடத்தில் அது என்ன பொருள் தருகிறது என்றுதான் கேட்கிறார்கள். நம் ஊரில் 'கடன் சாங்ஷன் ஆகிவிட்டது' என்று சொல்லிச் சொல்லி, சாங்ஷன் என்றால் ஒப்புதல் என்றே மனத்தில் பதிந்திருக்கிறது. ஒரு நாட்டின் மீது இன்னொரு நாடு விதித்த சாங்ஷன் என்று பத்தியில் வந்தால் அது தடை, ஏறக்குறைய நேர் எதிர்ப்பொருள். இன்டரெஸ்ட் என்ற சொல்லும் அப்படித்தான்; வட்டியா, ஆர்வமா, ஒருவரது நலனா என்பதைச் சுற்றியுள்ள வாக்கியங்கள்தான் சொல்லும். பட்டியலில் படித்தவருக்கு முதல் பொருள் மட்டுமே நினைவுக்கு வரும், விடைகளில் ஒன்றாக அதைத்தான் வைத்திருப்பார்கள்.

இரண்டில் ஒன்று என்ற தடுமாற்றத்திற்கு வருகிறேன். எனக்கும் அதே நோய் இருந்தது. நான் தேர்ந்தெடுத்த தவறான விடைகள் பெரும்பாலும் உலகத்தில் உண்மையானவை, ஆனால் பத்தியில் சொல்லப்படாதவை. ஓர் ஊராட்சி தன் மூன்று ஏரிகளில் இரண்டை மட்டுமே தூர்வாரியது என்று பத்தி சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 'மூன்றாவது ஏரிக்குப் பணம் போதவில்லை' என்ற விடை நம் ஊர் அனுபவத்திற்கு மிகவும் பொருந்தும்; கை தானாக அதற்குப் போகும். பத்தியிலிருந்து பெறக்கூடியதோ 'ஊராட்சி எல்லா ஏரிகளையும் தூர்வாரவில்லை' என்ற சுவையற்ற விடைதான். சரியான விடை பல நேரங்களில் இப்படிச் சப்பென்று இருக்கும் என்பதைப் பழகிக்கொள்ள எனக்கு மூன்று மாதங்கள் ஆயின.

ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் எழுதியது:

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. தமிழ் வழி மாணவர்கள் ஆங்கில வாக்கியத்தை மனத்திற்குள் தமிழாக்கிக்கொண்டே படிப்பதால்தான் நேரம் போகிறது. இதில் சோம்பலோ அறிவுக் குறையோ இல்லை, இரண்டு மொழிகளும் வாக்கியத்தை எதிரெதிர்த் திசைகளில் அடுக்குகின்றன. 'சாட்சிகளை விசாரித்திருந்த நீதிபதி மனுவை நிராகரித்தார்' என்று தமிழில் அடைமொழி முன்னே நிற்கும், வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் 'தி ஜட்ஜ்' என்ற எழுவாய் முதலில் வந்து, 'ஹூ ஹேட் ஹர்ட் தி விட்னசஸ்' என்ற அடை அதன் பின்னால் தொங்கி, 'ரிஜெக்டட்' என்ற வினை நடுவில் வந்துவிடும். தமிழாக்கிப் படிப்பவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் இறுதி வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் போகிறார். நான்கு பத்திகளில் இந்த நடையே பத்து நிமிடங்களைத் தின்றுவிடும்.

ஆகவே முதல் மூன்று வாரங்களுக்கு வினாக்களைத் தொட வேண்டாம். நாளுக்கு ஒரு தலையங்கத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டு, அடைகளை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டு, வாய்விட்டுப் படியுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது கண் எளிதில் பின்னோக்கிப் போகாது. தலையங்கத்தோடு வாரம் ஒரு சிறுகதையும் வேண்டும். இத்தேர்வில் புனைவுப் பத்திகளும் வரும், அவற்றில் கருத்து நேரடியாகச் சொல்லப்படுவதில்லை.

மற்றொன்று, பத்தியில் வரும் கருத்தெல்லாம் எழுதியவருடைய கருத்து அன்று. நம் பழைய உரையாசிரியர்கள் 'என்பாரும் உளர்' என்று பிறர் கொள்கையைச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆங்கிலக் கட்டுரையாளர்களும் 'சம் ஆர்கியூ' என்று தொடங்கி எதிர்த்தரப்பை நன்றாகவே எடுத்துச் சொல்லி, 'பட்', 'ஹவ்எவர்', 'யெட்' என்ற ஒரு சொல்லில் திருப்புவார்கள். திருப்பத்திற்குப் பின்னால் வருவதுதான் அவர்களுடைய தரப்பு. அந்தச் சொற்களை வட்டமிட்டுப் பழகுங்கள்.

குடந்தைப் பயிற்றுநர் எழுதியது:

ஐயாவின் கருத்தை மதிக்கிறேன், ஆயினும் மூன்று வாரங்கள் வினாக்களைத் தொடாமல் இருப்பது ஆகஸ்ட்டில் சரி, அக்டோபரில் கட்டுப்படியாகாது. இரண்டையும் சேர்த்தே செய்யலாம். வினாக்களை முதலில் படிப்பது பற்றி மாணவி கேட்டதற்கு யாரும் விடை சொல்லவில்லை. ஒவ்வொரு வினாவின் நான்கு விடைகளையும் சேர்த்துப் படித்தால் இருபதுக்கும் மேற்பட்ட அரைகுறைக் கருத்துகள் மனத்தில் ஏறிப் பத்தியையே திரித்துவிடும். வினாவின் தலைவரியை மட்டும் அரை நிமிடத்தில் பார்த்துவிட்டுப் பத்திக்குப் போவதில் தவறில்லை. பத்திக்கு ஆறு நிமிடங்கள் என்று வைத்தால் நான்கிற்கு 24 நிமிடங்கள். அந்த அளவுக்கு மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும், ஒரே வாரத்தில் அன்று.

'ஒன்லி', 'ஆல்வேஸ்', 'நெவர்' என்று வரும் விடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளச் சொல்லும் ஒரு குறுக்குவழி எங்கும் உலவுகிறது. அதை நம்ப வேண்டாம். பத்தியே 'ஒன்லி' என்று சொல்லியிருந்தால் அந்த விடைதான் சரி.

அரியலூர் மாணவி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு, சென்ற வாரம் எழுதிய தாளை எடுத்து, தவறிய 12 வினாக்களுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதினேன். ஏழில் அக்கா சொன்னதுபோல் எனக்குத் தெரிந்த உண்மையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். மூன்றில் எதிர்த்தரப்பின் கருத்தை எழுத்தாளருடையது என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். சொல் தெரியாததால் போனது ஒன்றே ஒன்று. இருபது சொற்களின் மனப்பாடத்தை இன்றோடு விட்டுவிட்டேன். பன்னிரண்டாவது வினாவில் நான் எழுதிய விடை எப்படித் தவறு என்று இன்னும் விளங்கவில்லை.

ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் எழுதியது:

அந்தப் பன்னிரண்டாவது வினாவையும் அதற்குரிய பத்தியின் கருத்தையும் உங்கள் சொற்களில் தமிழில் இங்கே எழுதுங்கள் அம்மா. எழுதும்போதே பாதி விளங்கிவிடும். மீதியை நாங்கள் பார்க்கிறோம்.