டபுள் ஸ்டாண்டு: கையால் தூக்காமல் காலால் ஏற்றும் முறை

வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் ராயபுரத்தின் உட்புறத் தெருக்களிலும் குடியிருப்பவர்களுக்கு, இருசக்கர வண்டியைச் சாயாமல் நேராக நிறுத்தும் இரண்டு கால் ஸ்டாண்டான டபுள் ஸ்டாண்டு அன்றாடத் தேவை. ஒட்டி ஒட்டி அமைந்த வீடுகள், வாசற்படியை உரசிக்கொண்டு நிற்கும் வண்டிகள், தண்ணீர் லாரி வந்துபோக விட வேண்டிய வழி என்று எல்லாவற்றையும் கணக்கில் கொண்டால், சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டி பிடித்துக்கொள்ளும் கூடுதல் இடம்கூட அக்கம்பக்கத்தில் மனக்கசப்பை உண்டாக்கிவிடுகிறது. அப்படியிருந்தும், வண்டி நிறுத்துவது பற்றித் தங்கள் அனுபவத்தை எழுதிய நண்பர்களில் சிலர், இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்றும் வண்டி மறுபக்கம் சாய்ந்துவிடும் என்றும் அஞ்சி டபுள் ஸ்டாண்டைத் தொடுவதே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது என்பதை வடசென்னையில் நான் சந்தித்த சிலர் எனக்குக் காட்டினார்கள். அவர்கள் செய்ததையும் சொன்னதையும், எனக்குப் புரிந்த காரணங்களோடு எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியவர் தண்டையார்பேட்டையில் சிறிய பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். அந்த வட்டாரத்தில் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் அழைப்பார்கள். வயது அறுபதைத் தாண்டியவர். மெலிந்த உடல்வாகு கொண்டவர். ஒரு நாள் மாலை ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியைச் செயின் இறுக்குவதற்காகக் கொண்டுவந்த இளைஞர், பட்டறை வாசலில் அதை டபுள் ஸ்டாண்டு போட முயன்றுகொண்டிருந்தார். முதுகை வளைத்துக் குனிந்து, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடியை இரண்டு தோள்களும் புடைக்க இழுத்தார். வண்டி சிறிது எழும்பி மீண்டும் இறங்கிவிட்டது. 195 கிலோ எடையுள்ள வண்டியை அப்படி இழுத்தால் முதுகெலும்புதான் அதற்கு விலை கொடுக்க வேண்டும். பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “கையால தூக்காத தம்பி, கால்ல ஏறி நில்லு” என்று சொல்லிக்கொண்டே அருகில் வந்தார்.

அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று கவனித்தேன். சைடு ஸ்டாண்டை மடக்காமலேயே வண்டியின் இடப்பக்கம் நின்று, ஹாண்டில்பாரை நேராக வைத்து, இடது கையால் அதன் பிடியையும் வலது கையால் பின் கைப்பிடியையும் பற்றி, வண்டியை நன்றாக நிமிர்த்தினார். வலது காலால் டபுள் ஸ்டாண்டின் மிதியைத் தள்ளி இறக்கி, அதன் கால்கள் தரையைத் தொட்டதும் அங்கேயே நிறுத்திவிட்டு, வண்டியை இம்மியளவு இப்படியும் அப்படியும் அசைத்தார். ஒரு பக்கம் ‘டக்’ என்றது. மறு பக்கமும் ‘டக்’ என்றது. இரண்டு கால்களும் தரையில் சமமாகப் பதிந்துவிட்டன என்பதற்கு அந்தச் சத்தமே அடையாளம். அதன் பிறகுதான், பாதத்தின் நடுப்பகுதியை மிதியின் மேல் வைத்து, மாடிப்படியில் ஏறுகிறவரைப் போல முழங்காலை நிமிர்த்தித் தன் உடல் எடை முழுவதையும் அதன்மேல் இறக்கினார். வண்டி பின்னோக்கி நகர்ந்து, எழுந்து, அமர்ந்துவிட்டது. அவருடைய கைகள் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி வழிகாட்டின, அவ்வளவுதான்.

ஸ்டாண்டை இறக்கியவுடன் அதன் கால்கள் வண்டியோடு இணைந்திருக்கும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடுகின்றன. மிதியை அழுத்தும்போது அந்தத் தரைப் புள்ளியை ஊன்றிக்கொண்டு ஸ்டாண்டு நிமிர்கிறது; அச்சு பின்னோக்கியும் மேல்நோக்கியும் ஒரு வளைவில் பயணம் செய்து, செங்குத்தைச் சற்றே கடந்ததும் நிலைகொள்கிறது. மிதி நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோல் என்பதால், அதன் முனையில் இறங்கும் உடல் எடை பல மடங்கு பலமாகிறது. முன் சக்கரமும் தரையிலேயே இருந்து ஒரு பங்கு எடையைத் தாங்கிக்கொள்கிறது. இந்தப் பயணத்தில் மிகக் கடினமான இடம் தொடக்கம்தான். ஸ்டாண்டு படுத்தாற்போல் இருக்கும்போது சிறு திருப்பத்துக்கே வண்டி அதிகம் உயர வேண்டியிருக்கிறது, நிமிர நிமிரப் பாரம் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே தயங்கித் தயங்கிப் பாதி எடையை வைப்பவர்களால் அந்த முதல் கட்டத்தைத் தாண்ட முடிவதில்லை. தயக்கமில்லாமல் ஒரே மூச்சில் ஏறி நிற்பவர்களுக்கு அப்படி ஒரு கட்டம் இருப்பதே தெரிவதில்லை.

அந்த இளைஞரிடம் பாய் இன்னொன்றையும் கண்டுபிடித்துச் சொன்னார். வண்டி ஓடிவிடுமோ என்ற பயத்தில், இளைஞரின் விரல்கள் தம்மை அறியாமலேயே முன் பிரேக்கைப் பிடித்திருந்தன. வண்டி ஏறுவதற்குப் பின்னோக்கி நகர்ந்தாக வேண்டும். முன் சக்கரத்தைப் பூட்டிவிட்டால் அது எப்படி நகரும்? கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், பிரேக்கில் விரல் இருக்கக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தும் ஏறாத வண்டியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

திருவொற்றியூருக்கும் புல்லட்டுக்கும் உள்ள உறவைப் பலரும் அறிந்திருப்பீர்கள். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து 1955இல் தொடங்கிய, புல்லட்டைத் தயாரித்த என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை அங்கேதான் அமைந்தது. அந்த ஊரில் பழைய புல்லட்டை இன்னமும் பேணிவரும் பெரியவர் ஒருவரைத் தெரியும். முழங்கால் வலி உள்ளவர். வீட்டுத் திண்ணைக்கு அடியில் முக்கால் அங்குலத் தடிமனுள்ள பலகைத் துண்டு ஒன்றை வைத்திருக்கிறார். வண்டியைத் தள்ளி வந்து, பின் சக்கரத்தை மட்டும் அதன்மேல் ஏற்றுகிறார். ஸ்டாண்டின் கால்கள் பலகையில் படாமல் தரையிலேயே ஊன்றுகின்றன. பின்பக்கம் அந்த முக்கால் அங்குலம் உயர்ந்துவிடுவதால், ஸ்டாண்டு தரையைத் தொடும்போதே ஓரளவு நிமிர்ந்திருக்கிறது. கடினமான முதல் கட்டத்தின் பெரும்பகுதியைப் பலகையே செய்து முடித்துவிடுகிறது. எவ்வளவு எளிய, எவ்வளவு அருமையான யோசனை! இதைச் செய்ய விரும்புகிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். சக்கரம் பலகையின் முன் ஓரத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் வண்டி பின்னோக்கி நகரும்போது உருள்வதற்குப் பலகையில் இடம் இருக்க வேண்டும். பலகை மிகத் தடிமனாகவும் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் சக்கரம் பலகையையே அழுத்திக்கொண்டிருக்கும், ஸ்டாண்டு முழுவதும் நிமிர்ந்து நிலைகொள்ளாது.

அவருடைய தெரு கால்வாயை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. அங்கே அவர் எப்போதும் வண்டியின் முகம் மேட்டைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார். அப்படி நிறுத்தினால் வண்டி பின்னோக்கி நகர்வதற்குச் சரிவு துணை செய்கிறது; நிறுத்திய பிறகும் வண்டி முன்னோக்கி உருண்டு ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிட வழியில்லை. முகம் பள்ளத்தைப் பார்த்திருந்தால் ஏற்றுவதும் கடினம், தெருப்பிள்ளைகள் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினாலும் வண்டி இறங்கிவிடும். பெருஞ்சரிவில் டபுள் ஸ்டாண்டே வேண்டாம்.

பெண்கள் பலர் இதை ஆண்களின் வேலை என்று ஒதுக்கிவிடுவதைப் பார்க்கிறேன். வியாசர்பாடியில் ஸ்கூட்டரில் இட்லி மாவு கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடும் அக்கா ஒருவர், நாள் முழுவதும் ஒவ்வொரு கடை வாசலிலும் டபுள் ஸ்டாண்டு போட்டு எடுப்பவர். புடவையின் கொசுவத்தை இடது கையால் ஒதுக்கிச் செருகிக்கொண்டு, மாவுப் பாத்திரத்தை முதலில் இறக்கிக் கீழே வைத்துவிட்டுத்தான் ஸ்டாண்டில் கால் வைப்பார். “பாரத்தை வச்சுக்கிட்டு எதுக்குப்பா மல்லுக்கட்டணும்?” என்பது அவருடைய கேள்வி. தண்ணீர் கேன் ஒன்றே 20 கிலோ. நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் உருளையின் எடையையும் சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. இவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டே ஸ்டாண்டு போட முயல்கிறவர்கள் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அவர் ரப்பர் செருப்பையும் தவிர்க்கிறார். ஈரமான ரப்பர் செருப்பு மிதியிலிருந்து வழுக்கினால், மேலே எழும் மிதி கெண்டைக்காலையோ முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பையோ பலமாகத் தாக்கும். பின்வார் உள்ள, அடிப்பகுதி கெட்டியான காலணி இதற்கு ஏற்றது.

ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பைக்கில் ஸ்டாண்டு சட்டத்தோடு இணைந்திருக்கிறது. ஆகவே பின் ஷாக் அப்சார்பர் தளர்ந்து வண்டி தாழ்ந்துவிட்டால், அந்தத் தாழ்வையும் சேர்த்தே தூக்க வேண்டும். நம் தெருக்களில் ஓடும் சாதாரண ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஸ்டாண்டு பின் சக்கரத்தோடு சேர்ந்து அசையும் எஞ்சின் பகுதியிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் ஷாக் அப்சார்பரின் தளர்ச்சி பெரிதாகப் பாதிப்பதில்லை. காற்றுக் குறைவு இரண்டையும் பாதிக்கும். பின் சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தால் வண்டி தாழ்கிறது, ஸ்டாண்டு அதிகம் படுத்த நிலையில் தரையைத் தொடுகிறது. பஞ்சர் ஆன வண்டியை டபுள் ஸ்டாண்டு போடுவது வழக்கத்தைவிடக் கனமாக இருப்பதற்கு இதுவே காரணம். பைக் வைத்திருப்பவர்கள் பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்கி வைத்தால் வித்தியாசத்தை உடனே உணரலாம்.

காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துறைமுக வாசலில் விடியற்காலையில் வரிசையாக நிற்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகளின் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் இடைவிடாமல் சொட்டி, நேராக ஸ்டாண்டின் அச்சில்தான் இறங்குகிறது. அங்கே ஒரு அண்ணனின் வண்டியை நெருங்கிப் பார்த்தேன். மிதியின் மேல் பாதம் படும் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்து வெள்ளி நிறத்தில் இருந்தது. அதிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, அச்சைச் சுற்றிக் காவி நிறத்தில் துரு பூத்து, செதில் செதிலாக உதிர்ந்தது. அவர் இரண்டு காலாலும் ஏறி நின்றும் ஸ்டாண்டு முனகியதே தவிர நிமிரவில்லை. அது பலக்குறைவு அல்ல. துருவோடு நடக்கும் போராட்டம். அவர் அவ்வப்போது பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றிவந்தார். அது மேலோடு வழிந்து போய்விடும், மணலையும் பிடித்துக்கொள்ளும். அச்சின் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து எடுத்து, கிரீஸ் தடவிப் பூட்டினால்தான் பயன். பிறகு அப்படிச் செய்த அதே வண்டியை ஒரு காலால் ஏற்றினார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்கும் இதே கதைதான். எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்தவர்கள் பலர் ஸ்டாண்டின் அச்சில் புகுந்த சேற்றை மறந்துவிட்டார்கள். ஸ்டாண்டு திடீரென்று கனக்கத் தொடங்கினால், உடம்பைச் சந்தேகிப்பதற்கு முன்பு அச்சையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்தால் ஓடும்போது ஸ்டாண்டு தொங்கி, வேகத்தடையில் இடித்து வளைந்துவிடும். வளைந்த ஸ்டாண்டில் இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையைத் தொடாது. காலின் அடிப்பகுதி தேய்ந்துபோனவர்களுக்குப் பட்டறைகளில் இரும்புத் துண்டு வைத்துப் பற்றவைத்துத் தருகிறார்கள். அதை அளவோடு செய்யச் சொல்லுங்கள். தேய்ந்ததைவிட அதிகமாக உயர்த்தினால் வண்டியை ஏற்றும் உயரமும் கூடிவிடும்.

வெயில் நேரத்தில் இளகிய தாரிலும், மணல் தரையிலும், மழைக்குப் பிறகான மண்ணிலும் ஸ்டாண்டின் கால் புதைகிறது. அங்கே ஸ்டாண்டின் இரண்டு கால்களும் ஒருசேர அமரும்படி தட்டைக் கல்லோ தகரமோ போட வேண்டும்.

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குவதைப் பற்றி அந்த நண்பர்கள் யாரும் எழுதவில்லை. டபுள் ஸ்டாண்டிலிருந்து வண்டியின் மேல் அமர்ந்தபடி உந்தி இறக்குவது பலருக்கும் பழகிவிட்டது. வண்டி சட்டென்று முன்னே விழும்போது கால் எட்டாவிட்டால் சாய்ந்துவிடும், ஸ்டாண்டும் நாளடைவில் வளையும். முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கி வையுங்கள். இடப்பக்கம் நின்று, ஹாண்டில்பாரை நேராகப் பிடித்து, வண்டியை முன்னோக்கித் தள்ளுங்கள். பின் சக்கரம் தரையில் இறங்கிய அந்த நொடியில் முன் பிரேக்கைப் பிடித்து, வண்டியை உங்கள் பக்கமாகச் சைடு ஸ்டாண்டில் சாய்த்த பிறகு ஏறி அமருங்கள்.