லத்தீனோ குடும்பங்களின் கல்விக் கூட்டங்களில் நீங்கள் கண்டதும் கேட்டதும்: அனுபவப் பகிர்வு

நொய்யல் (ஆரஞ்சு கவுண்டி, கலிஃபோர்னியா)

அமெரிக்காவில் நம்மவர்கள் பலர் லத்தீனோ (மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ போன்ற லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குடும்பங்களுக்குப் பக்கத்தில்தான் வாழ்கிறோம். அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளின் படிப்புக்காகவும் உரிமைக்காகவும் அவர்கள் கூடிப் பேசும் இடங்களில் நம் முகம் தென்படுவது அரிது. அப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது, வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். தமிழ் என்று எழுதினேன். அதனால் அவனுக்கு எல்பாக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு வைத்து, ‘ஆங்கிலம் கற்பவர்’ பட்டியலில் சேர்த்தார்கள். நம் வாட்ஸாப் குழுக்களில் இதற்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருக்கும்: ‘ஆங்கிலம் என்று எழுதிவிடுங்கள், தொல்லையே இல்லை.’ எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இந்தப் பட்டியலில் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கென்று ஈலாக் என்ற குழு இருக்கிறது. ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பவர்கள் 21 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அந்தக் குழு இருந்தே ஆகவேண்டும் என்பது கலிஃபோர்னியாவின் விதி. அதன் கூட்டத்துக்குப் போனேன்.

பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. பெரும்பாலும் அம்மாக்கள், சில பாட்டிகள், வேலை உடுப்பு மாற்றாமல் ஓடிவந்த அப்பாக்கள். பேச்சு முழுக்க ஸ்பானிஷ். மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டியவள் அந்த அறையில் நான்தான்.

ஓர் அம்மா எழுந்தார். ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்ப்பவர் என்று பிறகு தெரிந்தது. கையில் மகனின் தேர்வு முடிவுகள், வருட வாரியாக அடுக்கி கிளிப் போட்டு வைத்திருந்தார். “என் பையன் இந்த ஊரில் பிறந்தவன். தம்பியோடு சண்டை போடுவதுகூட இங்கிலீஷில்தான். எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஏன் இந்தப் பட்டியலில் இருக்கிறான்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆறு வருடங்களுக்கு மேல் பட்டியலிலேயே தேங்கும் பிள்ளைகள் கலிஃபோர்னியாவில் ஏராளம். அவர்களுக்குத் தனி ஆங்கில வகுப்பு வைப்பதால் இசையோ ஓவியமோ கணினியோ ஒன்றைப் பிள்ளை இழக்கும். உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும், மாநிலப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் பாடங்களை எடுப்பதற்கே கால அட்டவணையில் இடம் இருக்காது. பதினான்கு வயதிலேயே கல்லூரிக் கதவு பாதி சாத்தப்பட்டுவிடுகிறது.

பள்ளியின் சார்பில் வந்தவர் “பார்க்கிறோம்” என்றார். “எந்தத் தேதிக்குள்?” என்று அந்த அம்மா கேட்டார். அந்தத் தேதி கூட்டக் குறிப்பில் ஏறும்வரை அவர் உட்காரவில்லை. நம் ஊரில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த நிமிடம் அவர் எனக்கு அந்நியராகத் தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருந்த பாட்டி, இந்த மாவட்டத்தில் இப்படிக் கேட்பது புதிதில்லை என்று சொல்லி மெண்டஸ் குடும்பத்தின் கதையை ஆரம்பித்தார். எங்களுக்கு அடுத்த ஊரான வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அரசு முகாம்களில் அடைத்தது. அப்படி அரிசோனாவின் போஸ்டன் முகாமுக்கு அனுப்பப்பட்ட முனெமிட்சு குடும்பத்தின் பண்ணையை கொன்சாலோ மெண்டஸும் ஃபெலிசிடாஸும் குத்தகைக்கு எடுத்தார்கள். பிள்ளைகளை அத்தை தன் பிள்ளைகளோடு சேர்த்துப் பக்கத்துப் பள்ளிக்குக் கூட்டிப் போனார். அத்தையின் பிள்ளைகள் நிறம் வெளுப்பு, குடும்பப் பெயரும் மெக்சிகோப் பெயராகத் தோன்றாது. அவர்களுக்கு இடம் உண்டு என்றார்கள். சில்வியாவும் அவள் தம்பிகளும் ‘மெக்சிகன் பள்ளி’க்குப் போகவேண்டும் என்றார்கள். அத்தை எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

1945இல் ஐந்து குடும்பங்கள் நான்கு பள்ளி மாவட்டங்கள் மீது வழக்குப் போட்டன. கொன்சாலோ, வழக்கறிஞர் டேவிட் மார்கஸோடு ஊர் ஊராகப் போய்ப் பெற்றோரைத் திரட்டினார். அந்த நாட்களில் பண்ணையை நடத்தியவர் ஃபெலிசிடாஸ். 1946இல் கீழ் நீதிமன்றத்திலும் 1947இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று நாடு முழுவதற்குமாக உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் தீர்ப்பு வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு! இந்தப் பள்ளியில் என் மகன் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று அந்தப் பாட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கரிசல் (டல்லாஸ் பக்கம், டெக்சஸ்)

நொய்யல் அக்கா, எழுதியதற்கு நன்றி. நான் பார்த்தது கல்லூரி உதவித்தொகைப் படிவம் நிரப்பும் ஒரு மாலை நேரம். அலுவலக நண்பர் கூப்பிட்டார் என்று தன்னார்வலராகப் போனேன்.

கூரை போடும் வேலை செய்யும் ஒருவர் மகளோடு வந்தார். வகுப்பில் முதல் வரிசையில் நிற்கும் பெண். குடும்பத்துக்குக் குடியேற்றக் காகிதம் இல்லை, அதனால் மத்திய அரசின் படிவம் அவர்களுக்கு உதவாது. மாநிலத்துக்கென்று தனிப் படிவம் இருந்தது. அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை: “இந்தக் காகிதம் யார் யார் கைக்குப் போகும்?”

மேசையை நடத்தியவர்கள் லத்தீனோ கல்லூரி மாணவர்கள். ‘பயப்படாதீர்கள்’ என்று ஒரு வார்த்தையில் அவர்கள் முடித்துவிடவில்லை. எந்தக் கட்டத்தில் என்ன கேட்கிறார்கள், அதை யார் பார்ப்பார்கள், எதை எழுத வேண்டிய அவசியமில்லை என்று வரி வரியாக விளக்கினார்கள். முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது.

அங்கே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் டைலர் நகரத்து வழக்கைப் பற்றிச் சொன்னார். 1975இல் டெக்சஸ் ஒரு சட்டம் போட்டது. காகிதமில்லாத பிள்ளைகளின் படிப்புக்கு மாநிலம் பணம் தராது, பள்ளிகள் அவர்களைச் சேர்க்க மறுக்கலாம் என்றது அந்தச் சட்டம். டைலரில் ஒரு பிள்ளைக்கு வருடம் 1,000 டாலர் கேட்டார்கள். கூலி வேலைக் குடும்பம் எங்கே போகும்? சில குடும்பங்கள் வழக்குப் போட்டன. யார் என்று வெளியே தெரியாமலிருக்க விசாரணையை விடியற்காலையில் வைத்தார்கள். எந்த நிமிடமும் நாட்டை விட்டு அனுப்பிவிடலாம் என்று சட்டி பானை துணிமணியெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார்களாம். 1982 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் தோற்றிருப்பார்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நிற்கிறது. கல்லூரிக்கு 2001இல் டெக்சஸே முதலில் வழி திறந்தது. இங்கே பள்ளி முடித்த பிள்ளைக்குக் காகிதம் இல்லாவிட்டாலும் மாநிலத்து மாணவர்களுக்கான குறைந்த கட்டணமே போதும் என்றது. 2025 ஜூனில் மத்திய அரசு அதன் மேல் வழக்குப் போட்டது. மாநில அரசு எதிர்த்து வாதாடவே இல்லை, ஒத்துக்கொண்டது. 24 வருட ஏற்பாடு உடனே போயிற்று. நான் சொன்ன பெண் அதற்கு முன்பே படித்து முடித்தவள். அவளுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

பாலாறு (ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா)

கரிசல் தம்பி, மனசில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நாம் விசா வாங்கி, வரிசையில் நின்று வந்தவர்கள். கிரீன் கார்டுக்கு இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம். அவர்கள் பிரச்சினை வேறு, நம் பிரச்சினை வேறு. இரண்டையும் ஏன் கலக்க வேண்டும்?

கரிசல்

பாலாறு சார், வரிசையில் நிற்கும் வலி எங்கள் வீட்டிலும் இருக்கிறது. என் அண்ணன் மகள் மூன்று வயதில் இங்கே வந்தவள். 21 வயது ஆனதும், பெற்றோரின் வேலை விசாவை ஒட்டிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் எச்-4 விசா முடிந்தது. 2012இல் ஒபாமா அரசு, சிறு வயதில் வந்த காகிதமில்லாத பிள்ளைகளை நாட்டை விட்டு அனுப்பாமல் வேலை செய்யவும் விடும் டாகா திட்டத்தைக் கொண்டுவந்தது. அறிவித்த நாள் ஜூன் 15, டைலர் தீர்ப்பு வந்து சரியாக 30 வருடம். அன்றைய தேதியில் செல்லுபடியாகும் விசா இருந்தால் டாகா கிடையாது என்பது நிபந்தனை. ஆக, சட்டப்படி இருந்த ஒரே காரணத்தால் அவளுக்கு அது இல்லை.

அவளை அதே மேசைக்குத்தான் கூட்டிப் போனேன். குடியேற்ற நிலை கேட்காத உதவித்தொகைகள் எவை, மாணவர் விசாவுக்கு எப்போது மாற வேண்டும் என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். தங்களுக்குக் கிடைத்தது அவளுக்கு இல்லையே என்று அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே வருந்தினார்கள். ‘நீங்கள் வேறு’ என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

வல்லைவெளி (நியூயோர்க்)

பாலாறு அண்ணை கேட்ட கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். விசாவும் இல்லை, வரிசையும் இல்லை. அப்படியிருந்தும் நியூயோர்க் பாடசாலைகளில் அவர்கள் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆங்கிலம் விளங்காத பிள்ளையை மந்தமான பிள்ளை என்று பின்வரிசையில் இருத்தி வைப்பார்களாம். நொய்யல் அக்கா சொன்ன சில்வியாவும் இந்த நாட்டில் பிறந்தவள்தானே. காகிதம் இருந்தால் எல்லாம் சரியாகும் என்பதை அந்தப் பிள்ளைகளின் கதை மறுக்கிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பிரொங்ஸில் என்னோடு ஒரு மருத்துவமனையில் வேலை செய்து ஓய்வு பெற்ற புவேர்ட்டோ ரிக்கோ அம்மா. ஒரு நாள் ஒரு தாய்க்குக் கட்டி இருப்பதைச் சொல்ல வைத்தியர் வந்தார். தாய்க்கு ஸ்பானிஷ் மட்டும் தெரியும். பக்கத்தில் நின்ற பத்து வயது மகளைப் பார்த்து “அம்மாவிடம் சொல்லு” என்றார் வைத்தியர். இந்த அம்மா உள்ளே போய், பிள்ளையின் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்து என்னிடம் விட்டார். பிறகு திரும்பிப் போய், மொழிபெயர்ப்பாளர் வரும்வரை ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று நின்றார். அவர் குரல் உயரவில்லை. ஆனால் அந்த அறையில் ஒருவரும் அவரை மீறவில்லை. தானும் எட்டு வயதில் தன் தாய்க்கு அப்படி நின்றவர் என்று பிறகு கதைக்கும்போது சொன்னார்.

அவர் படித்தது ஹோஸ்டோஸ் கல்லூரியில். 1976இல் நகரத்திடம் பணமில்லை என்று அதை மூடப் பார்த்தார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் கட்டிடத்துக்குள் போய் இருந்துவிட்டார்கள். இவரும் கைக்குழந்தையோடு போயிருந்தார். கல்லூரி இன்றும் இருக்கிறது. இன்னொரு பெயரும் அவர் வாயில் அடிக்கடி வரும்: அந்தோனியா பந்தோஹா. 1961இல் அஸ்பிரா அமைப்பைத் தொடங்கியவர். பிள்ளைகளைப் படிக்க வைத்து, அவர்களையே சமூகத்துக்குத் தலைவர்களாக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த அமைப்பு நகரக் கல்விச் சபை மீது போட்ட வழக்கில் 1974இல் உடன்பாடு வந்தது. ஆங்கிலம் விளங்காத பிள்ளைகளுக்கு ஸ்பானிஷிலும் பாடம் நடத்த வேண்டியதாயிற்று.

ஓய்வுக்குப் பிறகு அந்த அம்மா ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தாய்மாரைக் கூட்டி வைத்துக் கதைக்கிறார். பாடசாலையில் என்ன கேட்கலாம், மருத்துவமனையில் என்ன கேட்கலாம் என்று நடித்துப் பார்ப்பார்கள். ஒருவர் பாடசாலை அதிபராக (தலைமை ஆசிரியராக) இருப்பார், மற்றவர் தாயாக நின்று கேட்பார். அதிபராக நடிப்பவர் இடைமறித்துக்கொண்டே இருக்க வேண்டும், தாய் விடாமல் கேட்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்கள் சில வாரங்களில் குரல் எடுத்துக் கதைப்பதை நான் கண்ணால் கண்டேன்.

பாலாறு

சரி, குடிமக்களுக்கே இப்படி என்பதை நான் யோசித்ததில்லை. கிரீன் கார்டு விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. பள்ளி விஷயத்தில் நீங்கள் சொல்வது புரிகிறது.

சோற்றுக்கற்றாழை (டூசான், அரிசோனா)

என்னுடையது ஒரு வகுப்பறை பற்றியது. இங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் என் அறைத்தோழி டூசான் பள்ளிகளில் மெக்சிகோ அமெரிக்க வரலாறு படித்தவள். தன் தாத்தாவின் செப்புச் சுரங்க வேலை ஒரு பாடப்புத்தகத்தில் வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அதைப் படித்த பிறகுதான் பள்ளிக்கு ஒழுங்காகப் போக ஆரம்பித்தேன் என்பாள். அவள் ஒருத்தியின் கதை மட்டுமல்ல. அந்தப் பாடங்களை எடுத்த மாணவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு கூடியதாக அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள்.

2010இல் மாநிலம் அந்தப் பாடங்களுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2011இல் மாணவர்கள் பள்ளி வாரியக் கூட்டத்துக்குள் போய், உறுப்பினர்களின் நாற்காலிகளில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். 2012 ஜனவரியில் பாடங்களை நிறுத்தினார்கள். ஏழு புத்தகங்களை வகுப்பறைகளிலிருந்து எடுத்துப் பெட்டியில் கட்டிக் கொண்டுபோனார்கள். என் தோழிக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் உடையும். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றி நான் அவளுக்குச் சொன்னது அப்படி ஓர் இரவில்தான்.

மாணவர்களும் பெற்றோரும் வழக்கை விடவில்லை. 2017இல் நீதிபதி வாலஸ் டஷிமா, அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இனப் பகைமை இருந்தது என்று தீர்ப்புச் சொன்னார். அவர் ஜப்பானிய வம்சாவளியினர். சிறுவனாக இருந்தபோது போஸ்டன் முகாமில் அடைபட்டவர். நொய்யல் அக்கா எழுதிய பண்ணைக்காரக் குடும்பம் இருந்த அதே முகாம்! இதைப் படித்ததும் அவளுக்கு உடனே அனுப்பினேன். அவள் இப்போது இங்கேயே ஒரு பள்ளியில் ஆசிரியை.

மருதம் (சான் ஹோசே)

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு சந்தேகம். பேரனைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் என் அம்மா. அவருக்கு ஆங்கிலம் வராது. ஆசிரியர் சொல்வதை ஏழு வயதுப் பையன்தான் அவருக்குச் சொல்கிறான். பள்ளியில் தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்க முடியுமா, அல்லது அது ஸ்பானிஷ்காரர்களுக்கு மட்டுமா?

நொய்யல்

கேளுங்கள் மருதம். பள்ளியிலிருந்து வரும் கடிதங்களை ஒரு மொழியில் எழுதித் தரவேண்டும் என்று கலிஃபோர்னியா கட்டாயப்படுத்துவது, அந்த மொழி பேசும் பிள்ளைகள் பள்ளியில் 15 விழுக்காடாவது இருந்தால்தான். தமிழுக்கு அந்த எண்ணிக்கை வருவது கடினம். ஆனால் முக்கியமான விஷயங்களைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டிய கடமை மத்தியச் சட்டப்படி எல்லாப் பள்ளி மாவட்டங்களுக்கும் இருக்கிறது. அது மொழி பார்ப்பதில்லை. அம்மாவைக் காப்பாளர் என்று முதலில் பதிந்துவிடுங்கள். ஆசிரியர் சந்திப்புக்குச் சில நாட்கள் முன்பே மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள், தொலைபேசி வழியாகவாவது ஆள் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பேரனையே சொல்லச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘பார்க்கிறோம்’ என்றால் தேதி கேளுங்கள்.