சணல் ஆலைப் பெண்ணின் கையெழுத்து

என் மனைவி ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சேர்ந்தவர். என் மாமியாரின் பாட்டிக்கு ஓர் அக்காள் இருந்தார், சணல் ஆலையில் வேலை செய்தார், கல்யாணம் ஆகாமலே இறந்துபோனார் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் அரசிடம் பதிவது கட்டாயமானதால், பழைய பதிவேட்டுப் பக்கங்களை 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' (ScotlandsPeople) என்னும் அரசு இணையதளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்க முடிகிறது. அவருடைய 1876ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவில், சாதகம் கணிக்கக் குறித்ததுபோல, பிறந்த நேரம்கூட இருந்தது. தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் பெற்றோர் மணந்த நாளும் ஊரும் சேர்ந்திருந்ததால்தான், அதே பெயருடைய மற்றப் பெண்களை என்னால் விலக்க முடிந்தது.

1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் பதினைந்து வயதுச் சணல் நூற்பாளர். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த முரட்டு நாரைத் திமிங்கில எண்ணெயும் நீரும் தெளித்துப் பதப்படுத்தி நூற்ற அந்த ஆலைகளில், கூலி குறைவு என்பதற்காகவே பெண்களைப் பெருமளவில் அமர்த்தினார்கள். ஆண்கள் வேலையின்றி வீட்டில் இருக்க, மனைவியும் மகளும் சம்பாதித்த குடும்பங்கள் டண்டீயில் ஏராளம். 1898இல், இருபத்திரண்டாம் வயதில், ஒன்பது மாதக் காசநோய்க்குப் பின் அவர் இறந்தார். அதைப் பதிய வந்த தாய்க்கு எழுதத் தெரியாது. பெயருக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி இட்டிருந்தார்.

தேடல் முடிந்தது என்றே நினைத்தேன். பின்னர் வேறொரு காரணத்துக்காக அவருடைய தந்தையின் 1894ஆம் ஆண்டு இறப்புப் பதிவைத் திறந்தபோது, தகவல் அளித்தவர் என்ற இடத்தில் 'மகள், உடனிருந்தவர்' என்ற குறிப்போடு அந்தப் பெண்ணே கையெழுத்திட்டிருந்தார். இறப்புப் பதிவுகளின் அட்டவணையில் இறந்தவர் பெயர் மட்டுமே இருக்கும் என்பதால், இவர் பெயரை இட்டு எத்தனை முறை தேடியிருந்தாலும் அந்தப் பக்கம் அகப்பட்டிருக்காது. ஆகவே இங்கே தேடுபவர்கள் உடன்பிறந்தோர், பெற்றோர் பதிவுகளையும் அவசியம் திறந்து பாருங்கள். தட்டச்சு செய்த சுருக்கத்தோடு நிற்காமல், மூலப் பக்கத்தின் படத்தையே பாருங்கள்.

அந்தப் படத்தை மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தவர், "எங்கள் பாட்டியும் 'எம்' எழுத்தை இப்படித்தான் வளைப்பார்" என்றார்.