மாத்திரைக்கு மேல் மாத்திரை, சர்க்கரை மட்டும் இறங்கவில்லை: உங்களுக்கு என்ன வகை என்று எப்படித் தெரிந்தது?

திருப்பூர் டீச்சர்:

எனக்குச் சர்க்கரை இருப்பது 37 வயதில் தெரிய வந்தது. பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் சாப்பிட்ட பிறகு பார்த்தார்கள், 290. குடும்பத்தில் யாருக்கும் கிடையாது, உடம்பும் ஒல்லி. அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. "இந்த வயசுல வர்றதுதான், டைப் 2" என்று மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தார்கள். சில மாதம் ஒழுங்காக இருந்தது, அப்புறம் ஏறியது. கிளிமிபிரைடு சேர்த்தார்கள். இறங்கியது, மறுபடியும் ஏறியது. கிளிப்டின் வகையில் ஒன்று சேர்ந்தது. மாத்திரை டப்பா நிறைந்ததே தவிர, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10-க்குக் கீழே வரவில்லை.

சர்க்கரையைவிட என்னை அதிகம் வாட்டியது அந்த ஒரே கேள்விதான்: "என்ன சாப்பிடறீங்க?" தினமும் சாப்பிட்டதை நோட்டில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுவேன். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் "மறைக்காம சொல்லுங்கம்மா" என்பார்கள். வீட்டில் மாமியார் ஆவாரம்பூக் கஷாயம் போட்டுக் கொடுப்பார், பக்கத்து வீட்டு அக்கா ஊறவைத்த வெந்தயத்தோடு வந்து நிற்பார். எடை 54 கிலோவிலிருந்து 45-க்கு வந்துவிட்டது. "டீச்சர், நல்லா ஸ்லிம் ஆயிட்டீங்க" என்று ஸ்டாஃப் ரூமில் பாராட்டு வேறு!

கடைசியில் கோவையில் ஒரு என்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் (ஹார்மோன் டாக்டர்) போனேன். அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "தைராய்டு மாத்திரை எத்தனை வருஷமாப் போடறீங்க?" என்றார். முதல் பிரசவத்துக்குப் பிறகு தொடங்கியது என்றேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் வகை ஒன்று இருக்கிறதாம். அது உள்ளவர்களுக்கு அதே தாக்குதல் கணையத்திலும் நடக்க வாய்ப்பு அதிகம் என்றார். ஜிஏடி ஆன்டிபாடி, சி-பெப்டைட் என்று இரண்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். முதலாவது, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே தாக்குகிறதா என்று காட்டும். இரண்டாவது, கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும். எனக்கு ஜிஏடி வரம்பைத் தாண்டிப் பல மடங்கு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 240 இருந்த நேரத்தில் சி-பெப்டைட் வெறும் 0.5.

லாடா என்றார். பெரியவர்களுக்கு மெதுவாக வருகிற டைப் 1 மாதிரி, அதாவது இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடும் வகை. ஆரம்பத்தில் கணையத்தில் கொஞ்சம் சரக்கு மீதி இருப்பதால் மாத்திரை கேட்கும், அதனால்தான் எல்லாரும் ஏமாந்துபோகிறார்கள். டைப் 1 என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிரிட்டனில் பின்னாளில் பிரதமரான தெரசா மேக்கு 56 வயதில் முதலில் டைப் 2 என்றுதான் சொன்னார்களாம். மாத்திரை வேலை செய்யாமல் போன பிறகு பரிசோதித்து டைப் 1 என்று மாற்றினார்கள், 2013-ல் செய்தியாகவே வந்தது.

இன்சுலின் தொடங்கிய இரண்டு வாரத்திலேயே இரவில் எழுந்து பாத்ரூம் போவது நின்றது. எடையும் திரும்பி வந்தது. இப்போது இட்லியை நிம்மதியாகச் சாப்பிடுகிறேன், எண்ணிக்கை சொல்ல மாட்டேன். இதே மாதிரி அலைந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

நாஞ்சில் தம்பி:

அக்கா, உங்களிடம் சாப்பாட்டைக் கேட்டார்கள். என்னிடம் கேட்டது சாராயம்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு வயிற்றுவலி உண்டு. மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் போகும், குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. வாயு என்றார்கள், அல்சர் என்றார்கள், அம்மா குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டாள். 23 வயதில் சர்க்கரை 400-க்கு மேல். ஆள் எலும்பும் தோலுமாக இருந்ததால் டைப் 1 என்று முடிவு கட்டி இன்சுலின் போட்டார்கள். ஆனால் இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் கீட்டோன் சிறுநீரில் இல்லை. அவ்வளவு சர்க்கரையோடு நடந்துகொண்டிருக்கிறானே என்று அவர்களுக்கே ஆச்சரியம்.

பிறகு நாகர்கோவிலில் வயதான டாக்டர் ஒருவர் கூச்சம் பார்க்காமல் கேட்டார்: "மலம் எண்ணெய் மாதிரி மிதக்குதா? தண்ணி ஊத்தினாலும் போகாம ஒட்டுதா?" ஆமாம் என்றதும் ஸ்கேனுக்குக்கூட அனுப்பவில்லை, வயிற்றுக்கு ஒரு சாதா எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முதுகெலும்பை ஒட்டி வெள்ளை வெள்ளையாகக் கற்கள். கிட்னியில் இல்லை, கணையத்தில். கணையக் கல்லால் வரும் சர்க்கரை நோய் இது. கேரளத்திலும் நம் தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் நிறையப் பார்த்த வியாதியாம். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் என்பவர் 1960-களிலேயே ஏராளமான நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். மரச்சீனிக் கிழங்குதான் (மரவள்ளி) காரணம் என்று அப்போது ஒரு சந்தேகம் இருந்தது, அது நிரூபணம் ஆகவில்லை. இப்போது ஸ்பிங்க்1 என்ற மரபணு மாற்றத்தையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் மரச்சீனி தின்னாதவன் யார்?

இதற்கு முன்னால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, கணைய அழற்சி என்று தெரிந்தும், "எவ்வளவு நாளாக் குடிக்கிற?" என்று அப்பாவை வெளியே நிற்கவைத்துவிட்டுக் கேட்டார்கள். நான் வாழ்நாளில் குடித்ததில்லை. எவ்வளவு சொல்லியும் சீட்டில் குடிப்பழக்கம் என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது இன்சுலினோடு, சாப்பிடும்போதெல்லாம் கணைய என்சைம் மாத்திரையும் போடுகிறேன். சாப்பிட்டது உடம்பில் ஒட்ட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இந்த வகையில் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககானும் குறைவாகச் சுரக்கும். அதனால் இன்சுலின் கொஞ்சம் கூடினாலும் சட்டென்று தாழ்ந்துவிடும், சட்டைப்பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். கணையப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதால் ஸ்கேனையும் விடுவதில்லை.

மதுரை லேப்:

பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். டீச்சரம்மா சொன்ன சி-பெப்டைட் பற்றி ஒரு விஷயம். அதைத் தனியாக எடுத்தால் பாதி அர்த்தம்தான், கூடவே அந்த நேரத்துச் சர்க்கரையையும் எடுக்க வேண்டும். சர்க்கரை 80 இருக்கும்போது சி-பெப்டைட் குறைவாக இருப்பதும் 240-ல் குறைவாக இருப்பதும் ஒன்றல்ல. ஆனால் நாள்கணக்கில் 400, 500 என்று ஓடிக்கொண்டிருந்தால் கணையமே சோர்ந்துபோய்த் தற்காலிகமாகக் குறைத்துச் சுரக்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் சர்க்கரையை ஓரளவு இறக்கிவிட்டுத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். ஜிஏடி நெகட்டிவ் என்று வந்தாலும் கதை முடியவில்லை, ஐஏ-2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 என்று வேறு ஆன்டிபாடிகளும் இருக்கின்றன.

அப்புறம் எச்பிஏ1சி. மூன்று மாதச் சராசரி என்று அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று சொல்லவே வேண்டாம். ரத்தம் ஏற்றியிருந்தாலோ ரத்த அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய் இருந்தாலோ குறைத்துக் காட்டும். வீட்டுக் கருவி ஒன்று சொல்லி எச்பிஏ1சி வேறு சொன்னால், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள்.

மாம்பழம் நறுக்கிவிட்டுக் கை கழுவாமல் விரலைக் குத்தி, 380 என்று பதறி ஓடிவந்த ஒரு பாட்டியையும் பார்த்திருக்கிறேன்!

மகளைப் பெற்றவன்:

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு, எனக்கு, என் தங்கைக்கு என்று எல்லாருக்கும் இருபதுகளிலேயே சர்க்கரை. யாரும் குண்டில்லை. குடும்ப ராசி என்றே இருந்தோம். மகளுக்குக் கல்லூரியில் சேர்ந்த வருடம் வந்தது. டைப் 1 என்று தினம் நான்கு ஊசி. அவள் அவ்வப்போது ஊசியைத் தவிர்த்துவிடுவாள், நாங்கள் சண்டை போடுவோம். விசித்திரம் என்னவென்றால், ஊசி போடாத நாளிலும் அவளுக்கு மயக்கமோ கீட்டோனோ வந்ததில்லை.

பிறகு சென்னையில் ஒரு டாக்டர் காகிதத்தை எடுத்துக் குடும்ப மரம் வரைந்தார். பாட்டி, அப்பா, அத்தை, பேத்தி. மூன்று தலைமுறை, எல்லாம் இள வயது. நோய் வந்து நான்கைந்து வருடம் ஆகியும் சி-பெப்டைட் நன்றாக இருந்தது, ஆன்டிபாடி இல்லை. மோடி என்று ஒரு வகை உண்டு என்றார் (பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், நாங்களும் சிரித்தோம்). ஒரே ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றம், பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சென்னையில் டாக்டர் வி. மோகனின் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இதற்கான மரபணு ஆய்வு நடக்கிறது. மகளுக்கு எச்என்எஃப்1ஏ என்ற மரபணுவில் மாற்றம் என்று முடிவு வந்தது. இந்த வகைக்குக் கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை, அதுவும் சின்ன அளவே, நன்றாகக் கேட்கும். டாக்டர் கண்காணிப்பில் இன்சுலினைப் படிப்படியாகக் குறைத்து, இப்போது அந்த வகையில் கிளிக்ளசைடு மட்டும்தான். நானும் பரிசோதித்துக்கொண்டேன், எனக்கும் அதேதான்.

இதில் ஜிசிகே என்று இன்னொரு வகை இருக்கிறதாம். வெறும் வயிற்றில் 100-லிருந்து 145 வரை வாழ்நாள் முழுக்க நிற்கும், பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. கர்ப்ப காலத்தில் மட்டும் கவனிக்க வேண்டும். பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வரும் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் மரபணுக் கோளாறுதான் காரணமாம். அதில் ஒரு வகையைப் பற்றி 2006-ல் வந்த ஆய்வில், 49 பேரில் 44 பேர் இன்சுலினை விட்டுக் கிளிபென்கிளமைடு மாத்திரைக்கு மாறினார்கள் என்று அந்த டாக்டர் சொன்னபோது என் மனைவி அழுதேவிட்டாள்.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். டைப் 1 உள்ளவர் நிறுத்தினால் சில நாளில் உயிருக்கே ஆபத்து.

ஓய்வுபெற்ற கண்டக்டர்:

எல்லாரும் புதுப்புது வகையாகச் சொல்கிறீர்கள். எனக்குச் சாதாரண டைப் 2தான், ஆனாலும் 300-ஐ விட்டு இறங்கவில்லை. இன்சுலின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நானும் என் வியாதி வேறு ஏதோ என்று பயந்து, மகன் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன். அவர் ஒரு டெஸ்டும் எழுதவில்லை. சட்டையைத் தூக்கச் சொன்னார், தொப்புளுக்குப் பக்கத்தில் தடவினார். இரண்டு பக்கமும் எலுமிச்சை அளவு கட்டி. வருடக்கணக்காக ஒரே இடத்தில் குத்தியதால் கொழுப்பு திரண்டுவிட்டது, அதற்குள் போகிற இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. அந்த இடத்தில் வலிக்காது என்பதால்தானே அங்கேயே குத்தினேன்!

இடத்தை மாற்றிக் குத்தச் சொன்னார், கூடவே அளவையும் நன்றாகக் குறைத்தார். பழைய அளவை நல்ல இடத்தில் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடுமாம். தம்பிமார்களே, மரபணுவுக்குப் போகும் முன் வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஆஸ்துமா, மூட்டுவலி என்று ஸ்டீராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் சர்க்கரையை ஏற்றும். நாட்டு மருந்து என்ற பெயரில் கொடுக்கும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது.

காரைக்குடி:

சுருக்கமாக எழுதுகிறேன், விவரமாக எழுத மனம் வரவில்லை. அப்பாவுக்கு 61 வயதில் திடீரென்று சர்க்கரை. பரம்பரையில் இல்லை. மாத்திரை கேட்கவில்லை, பசி இல்லை, எடை மளமளவென்று குறைந்தது, முதுகுவலி. சர்க்கரை இருந்தால் இளைக்கத்தான் செய்யும் என்றார்கள். கண் மஞ்சளான பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள், கணையத்தில் புற்றுநோய். புதிதாகச் சர்க்கரை வரும் பெரியவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட இது இருக்காது என்று பிறகு படித்தேன், யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் ஐம்பதுக்கு மேல், புதுச் சர்க்கரையோடு காரணமில்லாமல் எடையும் குறைந்தால் வயிற்று ஸ்கேன் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

அரியலூர்:

டீச்சர் அக்கா, என் தம்பிக்கு 34 வயது, ஒல்லி. மூன்று மாத்திரை போட்டும் 280. போன மாதம் புதிதாக டாபாக்ளிஃப்ளோசின் சேர்த்திருக்கிறார்கள். தனியாரில் காட்ட வசதியில்லை. எங்கே போவது, என்ன கேட்பது?

திருப்பூர் டீச்சர்:

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனித் துறையே உண்டு. பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள், எடை எப்போது எவ்வளவு இருந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். எனக்கு அந்த டாக்டர் அதிக நேரம் பார்த்தது அந்தத் தாளைத்தான். "இது டைப் 2தானா, ஜிஏடியும் சி-பெப்டைடும் பார்க்கலாமா?" என்று கேட்டால் போதும், கேட்பதில் தப்பில்லை. நாஞ்சில் தம்பி சொன்ன வயிற்றுவலி, மலம் சமாச்சாரத்தையும் தம்பியிடம் கேட்டுவையுங்கள்.

அவசரமான ஒன்று. டாபாக்ளிஃப்ளோசின் போடும்போது உடம்பில் இன்சுலின் குறைவாக இருந்தால், சர்க்கரை 200-க்குக் கீழே இருந்தாலும்கூடக் கீட்டோன் ஏறி அமிலம் சேரலாம். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு இதில் எது வந்தாலும் அந்த மாத்திரையை அடுத்த வேளை போடாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எந்த மாத்திரை போடுகிறார் என்று சொல்லி, ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது அவருக்கு வாந்தி ஏதாவது இருக்கிறதா?

அரியலூர்:

வாந்தி இல்லை அக்கா. இரண்டு நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்கிறான். இப்போதே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.