பழைய சாரணர் சாமான்கள்: உங்கள் கண்ணில் பட்டவை

பண்டாரவளைவாசி:
ஞாயிற்றுச் சந்தைக்குக் கீரை வாங்கப் போனேன். பழைய சாமான் விற்கும் அம்மா ஒருவரின் சாக்கு விரிப்பில் துருப்பிடித்த சாவிகள், மணிக்கூட்டுப் பட்டிகள், நடுவில் தோல் வாரில் கோத்த இரண்டு மரமணி. சாரணத் தலைவர் பயிற்சி முடித்தவர்களுக்குக் கொடுக்கும் கில்வெல் மணியேதான்! பக்கத்திலே கழுத்துப்பட்டியும் கிடந்தது, மெக்லாரன் என்ற ஸ்கொட்லாந்துக் குலத்தின் கட்டம் போட்ட ஒட்டுத்துணி பிரியாமல். அந்த அம்மா அதால் கரண்டி துடைத்துக்கொண்டிருந்தார். யாருடையது என்று கேட்டேன். "ஒரு ஐயா போய்ட்டாருங்க, வீட்டக் காலி பண்ணுனாங்க." நான் பணப்பையைத் திறப்பதற்குள் ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் மணியை வாங்கிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் தென்னாபிரிக்காவின் சூலு மன்னரின் மாலையிலிருந்து கொண்டுவந்த மணி ஐயா அது! தியத்தலாவைப் பக்கம் எந்த ஆட்டோ வந்தாலும் இப்போது கண்ணாடியைத்தான் பார்க்கிறேன்.

லிந்துலை மழை:
எங்களுடையது வேலை வாரத்தில் நடந்தது, சாரணர் வீடு வீடாகச் சின்ன வேலை செய்து காசு சேர்க்கும் வாரம். தோட்டத்து லயம் லயமாகப் போய், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா வீட்டில் விறகு அடுக்கிக் கொடுத்தோம். முடிந்ததும் அவர் சாரணர் கைகுலுக்கும் முறையில் இடது கையை நீட்டினார். கூட வந்த சின்னவன் மிரண்டுபோனான், இடக்கையால் பிஸ்கட் வாங்கினாலே அவன் அப்பாயி அடிப்பார். நான் என் இடக்கையைக் கொடுத்ததும் ஐயா விடவேயில்லை, அவ்வளவு இறுக்கம். அப்புறம் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து காட்டினார். இலங்கைச் சாரணியப் பொன்விழாவுக்கு 1962இல் வந்த 35 சத முத்திரை. தொட விடவில்லை. எந்தக் குழுவில் இருந்தீர்கள் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. வேலை அட்டையில் கையெழுத்து, காசு, சரி போங்க.

மாத்தளைப் பழையவன்:
பண்டாரவளைவாசி, கொஞ்சம் நிதானம். சூலு மாலையின் மணிகள் 1919இல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் நடந்த முதல் சாரணத் தலைவர் பயிற்சியை ஒட்டிக் கொடுக்கப்பட்டவை. மாலை ஒன்றுதானே, எத்தனை பேருக்குப் போதும்? பிறகு வந்தவை எல்லாம் அதே வடிவில் செதுக்கியவை. ஆட்டோவில் ஆடுவது மன்னர் மணி இல்லை. எங்கள் ஊரில் யாரும் இப்படி ஏமாறமாட்டார்கள், 1912இல் ஸ்டீவன்ஸ் இலங்கையின் முதல் சாரணர் குழுவைத் தொடங்கியதே இங்கே கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில்தான்.

நுவரெலியா ஈரம்:
என் மாமாவின் தொப்பியைப் பூஞ்சணம் தின்றுவிட்டது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் எல்லோரும் இதைக் கேளுங்கள். தோல் வாருக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், சிக்குவாடை வரும். முத்திரையை லேமினேட் செய்யாதீர்கள். துணிச் சின்னத்தில் குண்டூசி குத்தினால் துருக்கறை போகாது. பொலித்தீன் பையில் கட்டி வைப்பதுதான் மலைநாட்டில் பெரிய கேடு, உள்ளே வியர்த்துவிடும். பருத்தித் துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வையுங்கள், வெயில் வரும் நாளில் நிழலில் காற்றாட விடுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிறு சிலிக்கா மணிப் பொட்டலத்தை எறியாதீர்கள், ஈரத்தை இழுக்கும்.

பண்டாரவளைவாசி:
மாத்தளை அண்ணே, செதுக்கிய மணியை மட்டும் பயிற்சி முடிக்காமல் சும்மாவா கொடுத்தார்கள்? அந்த ஐயா யாரென்றுதான் கேட்கிறேன். நுவரெலியா, பெட்டி இருக்கிறது, வைக்கத்தான் ஒன்றுமில்லை.